கேள்வி – பதில்: நல்ல வினாத்தாள் எது?

கேள்வி: நான் கணக்கு ஆசிரியை. என் வினாத்தாள் எப்போதுமே கடினமாகத்தான் இருக்கும். போன தேர்வில் யாரும் 60 மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. சுலபமாகக் கேட்டால் தரம் போய்விடும் என்பது என் எண்ணம். சக ஆசிரியர் ஒருவர், இது நல்ல வினாத்தாளே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் சக ஆசிரியர் பக்கம்தான் சாய்கிறேன். கடினம் வேறு, தரம் வேறு. ஒருவருமே விடை எழுத முடியாத கேள்வியால் யாருக்குப் பாடம் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று உங்களால் சொல்லவே முடியாது. அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி?

திருத்தி முடித்ததும் ஒன்று செய்து பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் கால்வாசிப் பேரின் தாள்களையும் கீழே இருக்கும் கால்வாசிப் பேரின் தாள்களையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டிலும் எத்தனை பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள் (தேர்வுத் துறை வல்லுநர்கள் 27 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள், வகுப்பறைக்குக் கால்வாசி போதும்). மேல் கட்டில் 10க்கு 8, கீழ் கட்டில் 10க்கு 3 என்றால் கேள்வி வேலை செய்கிறது. இரண்டிலும் 2 என்றால் அது வீண். கீழ் கட்டில் இருப்பவர்களே அதிகம் சரியாக எழுதியிருந்தால், முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள், பல நேரம் தப்பு அங்கேதான் இருக்கும்.

எதனால் கடினமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று முறை படித்தால்தான் என்ன கேட்கிறார்கள் என்றே புரியும் என்கிற மாதிரி வாக்கியக் கணக்கு இருந்தால், கணக்கு நன்றாக வருகிற, ஆனால் வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு "உனக்குக் கணக்கு வரவில்லை" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! நேரமும் அப்படித்தான். தாளை நீங்களே உட்கார்ந்து முழுதாக எழுதிப் பாருங்கள். உங்களுக்கே முக்கால் மணி நேரம் ஆனால், அதை ஒரு மணி நேரத் தேர்வாக வைக்காதீர்கள்.

கேள்வி: சரியான விடையைத் தேர்வு செய்யும் கேள்விகளில் என் மகன் குருட்டாம்போக்கில் குறித்துவிட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். இதெல்லாம் ஒரு தேர்வா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நான்கு விடைகள் உள்ள 20 கேள்விகளைப் படிக்காமலே குறித்தாலும் சராசரியாக 5 சரியாக வந்துவிடும். ஆனால் இந்த வகைக் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை, ஏனென்றால் நன்றாக அமைத்தால் தவறான விடைகூட நமக்கு ஒரு விஷயம் சொல்லும்.

0.5, 0.45, 0.125 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்கிறோம். விடை 0.5. சில பிள்ளைகள் 125 பெரிய எண் என்று நினைத்து 0.125ஐக் குறிப்பார்கள், அவர்கள் பிடிபட்டுவிடுவார்கள். ஆனால் "புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் பெரியது" என்று தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளையும் இருக்கிறது, அது 0.5ஐக் குறித்து முழு மதிப்பெண் வாங்கிவிடும். எண்களை 0.6, 0.75, 0.125 என்று மாற்றுங்கள். முதல் வகைப் பிள்ளை 0.125க்குப் போகும், இரண்டாம் வகை 0.6க்குப் போகும், புரிந்த பிள்ளைதான் 0.75க்கு வரும். மறுநாள் யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இரண்டு எண்களை மாற்றியதில் இவ்வளவு கிடைக்கிறது.

எண்ணிக்கைக்காக நான்காவதாக ஒரு பொருந்தாத விடையைச் சேர்க்கத் தேவையில்லை. உருப்படியான மூன்று விடைகள் போதும் என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வந்த கட்டுரையும் சொல்கிறது.

கேள்வி: பாடப்புத்தகத்தில் இல்லாததைக் கேட்டால் நியாயமா?

பதில்: சொல்லித்தந்த முறையைப் புதிய இடத்தில் பயன்படுத்தச் சொன்னால் நியாயம். சொல்லியே தராததைக் கேட்டால் அநியாயம்.

கேள்வி: ஒரே மாதிரி பதில் எழுதிய எனக்கும் தோழிக்கும் வேறு வேறு மதிப்பெண். கேட்டால் "அது திருத்துபவரைப் பொறுத்தது" என்கிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த பிரச்சினை இது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர், ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளை 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 100க்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். கட்டுரை வகை விடைகளில் இந்த வித்தியாசத்தை முழுக்கப் போக்க முடியாது, ஆனால் நிறையக் குறைக்கலாம். எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று விடைக்குறிப்பைத் தேர்வுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பெயர் தெரியாமல் தாளைத் திருத்த வேண்டும். ஒரு மாணவரின் தாளை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போக வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் தாளையும் தோழியின் தாளையும் சேர்த்து எடுத்துப் போய் விடைக்குறிப்பைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்பது. தயங்காதீர்கள்.

கேள்வி: வாரத் தேர்வுகளால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: தேர்வை நிறுத்தாதீர்கள், மதிப்பெண்ணை வேண்டுமானால் நிறுத்துங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதாவது எழுதிப் பார்ப்பதும் படிப்புதான்.

பயம் மதிப்பெண்ணிலிருந்துதான் வருகிறது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எங்கே சரி, எங்கே தவறு என்ற குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, எண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படாது போலிருக்கிறது. அதனால் வாரத் தேர்வு பத்து நிமிடம், ஐந்து கேள்வி என்று இருக்கட்டும். தாளைக் குறிப்போடு மட்டும் திருப்பிக் கொடுத்து, தப்பானதை அவர்களையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், அது முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.