லத்தாஃபா ‘கம்ரா’ சென்ட், விலை கூடிய ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ மாதிரியே மணக்குமா? வாங்கலாமா?

கல்யாணத்துக்குப் போடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்கலாம். ஆனால் நம்ம ஊர் வேக்காட்டில் ஒரு தடவைக்கு மேல் அடிக்க வேண்டாம்.

“ஏஞ்சல்ஸ் ஷேரைப் பார்த்து அடித்த காப்பிதானே” என்று யாராவது சொல்வார்கள். என்னிடம் சொன்னது மைனி, அண்ணன் மனைவி. அண்ணன் தோஹாவில் இருப்பதால் மைனியிடம் கிலியான் கம்பெனியின் ஏஞ்சல்ஸ் ஷேரே இருக்கிறது. என்னுடையது கம்ரா. மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால் கம்ராவின் விலை ஏஞ்சல்ஸ் ஷேரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. குழித்துறையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, வாய்ச்சண்டை எதற்கென்று இடது மணிக்கட்டில் மைனியுடையதையும் வலதில் என்னுடையதையும் அடித்துக்கொண்டேன்.

ஏஞ்சல்ஸ் ஷேரில் எடுத்தவுடன் கொன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியின் வாசம் ஏறும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கிலியான், ஹென்னசி கொன்யாக் தயாரிக்கும் குடும்பத்துக்காரர், அந்த இடத்தில் குறையே சொல்ல முடியாது. கம்ராவில் அந்த மதுக் காரம் இல்லை. பேரீச்சம்பழம், பட்டை, ஜாதிக்காய் என்று கெட்டியாக ஆரம்பித்து வெனிலாவில் போய் உட்கார்ந்துவிடும். தாலி கட்டும்வரை வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பந்தியில் உட்காரும்போது இரண்டு கையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன, வலதில் மட்டும் தித்திப்பு ஒரு படி கூட. போளியும் அடைப்பிரதமனும் சாப்பிட்டுக் கைகழுவி வந்த பிறகு பக்கத்தில் இருந்த மாமி, “கைய நல்லா கழுவு மக்கா, இன்னும் பிரதமன் மணக்கு” என்றார். மைனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அந்த மணத்துக்காகத்தானே வாங்கினேன்.

மூக்குக்கு மூக்கு மாறும் என்று பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு: நான் என் கையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஏசி மண்டபம் என்று வாடகை வாங்கிவிட்டு மாப்பிள்ளை மேடை ஏறிய பிறகுதான் ஏசியைப் போடுகிறார்கள். முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் மனுசர்கள் இல்லையா? கேட்டால் “கரண்டு பில் யார் கட்டுறது” என்கிறார்கள். நாங்கள்தான் கட்டினோம்! அந்தப் புழுக்கத்தில் இந்த மாதிரி இனிப்புச் சென்ட் ரெண்டு அடி அடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தலைவலிதான்.

சரி, காப்பி விஷயத்துக்கு வருகிறேன். வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று பிரான்சின் உச்ச நீதிமன்றமே 2006-ல் சொல்லியிருக்கிறது. இன்னொருவர் பெயரையும் பாட்டிலையும் அப்படியே அச்சடித்து விற்பதுதான் திருட்டு. கம்ராவுக்கே அப்படிப் போலி வருகிறது, அதனால் தெரிந்த கடையில் சீல் பார்த்து வாங்குங்கள்.

பகல் கல்யாணமென்றால் மணிக்கட்டில் மட்டும் போதும். ஆனி, ஆடிச் சாரலில் தாராளமாக அடிக்கலாம். பட்டுச் சேலையில் நேராக அடிக்காதீர்கள், கறை விழும். பருத்தி என்றால் துவைக்கும்வரை மணம் நிற்கும்.