அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம்

வணக்கம் ஐயா. எங்கள் இரண்டு வயது மகளுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை, நெஞ்சைத் திறந்து ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். இருபது நாளாகிறது. எடை 10 கிலோ. உடம்பு தேற எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்கிறார் பிள்ளையின் அப்பத்தா. குன்றக்குடியில் காது குத்துவதாக வேண்டுதலும் இருக்கிறது. எப்போது செய்யலாம்?
ஒரு தாய், காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

குளியல் இருக்கட்டும், பிள்ளையை வீட்டில் எப்படித் தூக்குகிறீர்கள்? நடுநெஞ்சு எலும்பை நீளவாக்கில் அறுத்துத் திரும்பச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது கூடிவர 6 முதல் 8 வாரம் ஆகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் முழு எடையும் தோள் வழியாக அந்த எலும்பைத்தான் இழுக்கும். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், மறு கை கழுத்துக்கும் தோளுக்கும் பின்னால் கொடுத்து அள்ளி எடுங்கள். நம் ஊர் வீடுகளில் நிலைப்படிக்கு நிலைப்படி கையைப் பிடித்துத் தூக்கித் தாண்டவைப்போமே, அதுவும் கூடாது. பார்க்க வரும் உறவுக்காரர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சில் ‘களுக்’கென்று சத்தம் கேட்டாலோ தையலில் நீர் கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் தையலில் படக்கூடாது. பக்கு ஊறினால் கிருமி சேரும். காலில் குப்புறப் போட்டு உருவுவது நெஞ்சையும் அழுத்தும். மருத்துவர் சரி சொல்லும்வரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும். அப்பத்தாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. சோறூட்டும் வேலையை அவரிடம் விடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் எழுதித் தந்திருந்தால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு விதம் கடையில் கிடைக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 150. முதல் வகையில் அது ஆறேகால் மில்லி, இரண்டாவதில் 3 மில்லிதான். பாட்டில் மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

இந்த வாரங்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, மேல்மூச்சு சேர்ந்துகொண்டால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். எக்கோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

காது குத்தை 6 மாதம் தள்ளிவையுங்கள். ஒட்டின்மேல் உள்தோல் படர அவ்வளவு காலம் வேண்டும். அதற்குள் ரத்தத்தில் கிருமி ஏறினால் ஒட்டில் தங்கிவிடும். கிருமி வாய் வழியாகவும் ஏறும், அதனால் தினம் இருவேளை பல் துலக்கிவிடுங்கள். இடையில் பல்லுக்கு வைத்தியம் பார்க்க நேர்ந்தால், நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே ஒட்டுப் போட்டதைச் சொல்லிவிடுங்கள்.