உலக சாம்பியன் பட்டமே இல்லாத டிங் ஜுன்ஹுயியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டமான ஸ்னூக்கர் மீது சீனாவில் மோகத்தைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். 2005 ஏப்ரலில் பெய்ஜிங்கில் நடந்த சீன ஓபனுக்கு வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்களின் சிறப்பு அழைப்பில், வந்தார். 18 வயது முடிந்து சில நாள்தான். இறுதியில் ஸ்டீபன் ஹென்ட்ரியை, ஏழு முறை உலக சாம்பியனானவரை, 9-5 என்று சாய்த்தார். வைல்டு கார்டு என்பதால் தரவரிசைப் புள்ளி கிடையாது. கொடுமைதான்! அதே ஆண்டு டிசம்பரில் யுகே சாம்பியன்ஷிப்பையும் வென்றார்.

2013-14 சீசனில், தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகளில் ஐந்து பட்டங்கள். அப்புறம் 2014 டிசம்பரில் நம்பர் ஒன். உலக சாம்பியன்ஷிப் நடக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுதான் கைகொடுக்கவில்லை. 2016-இல் தகுதிச்சுற்றிலிருந்து இறுதிவரை வந்தும், தொடக்கத்திலேயே 0-6 என்று பின்தங்கி, மார்க் செல்பியிடம் 14-18 என்று தோற்றார். சீனாவின் முதல் உலக சாம்பியன் 2025-இல் வந்த ஜாவ் சின்டாங். ஆனாலும் என் கணக்கில் டிங்தான் பெரிய ஆள்.