தோணிக்கும் ஏணிக்கும் நடுவே

கேள்வி: ஐயா, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை 'நாயகனின் பயணம்' என்ற கோட்பாட்டில் பொருத்திக் கட்டுரை எழுதுகிறேன். பன்னிரண்டு கட்டங்களில் பெரும்பாலானவற்றில் பாண்டியன் பொருந்திவிடுகிறான். ஊர் திரும்பும் கட்டம் மட்டும் இடிக்கிறது. தோணியும் புயலும் எதன் குறியீடு என்றும் எழுத வேண்டுமாம். என்ன செய்ய?
*– முதுகலை மாணவி, திருத்துறைப்பூண்டி*

பதில்: இடிக்கிற இடம்தான் உங்கள் கட்டுரை, அம்மா. அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். இந்தக் கோட்பாட்டை வகுத்த ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய நூலில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று பகுதிகள், உட்பிரிவுகள் பதினேழு. பன்னிரண்டாகச் சுருக்கியவர் கிறிஸ்டோபர் வோக்ளர், திரைக்கதை எழுதுகிறவர்களுக்காக. நாவலைப் படிக்கும்போது அந்தச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

கேம்பலின் நாயகன் எல்லை தாண்டுவான், வரம் பெறுவான், அதோடு ஊருக்கு வருவான். பாண்டியன் சுமத்ராவின் மெடானில் வட்டிக்கடைப் பையன். ஜப்பான்காரன் வருகிறான், யுத்தம் ஊரைப் புரட்டுகிறது. தொங்கான் என்னும் பாய்மரத் தோணியில் ஏறிப் புயலுக்குள் புகுந்து பினாங்கு போகிறான், நேதாஜியின் படையில் சேருகிறான். அவன் தாண்டாத எல்லை இல்லை. ஆனால் ஊருக்குப் போகலாம் என்று மனம் திரும்புகிற நேரத்தில் குண்டு பாய்ந்து சாகிறான். எழுதிய சிங்காரமோ இந்தோனேசியாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மதுரையில் நாளிதழ் வேலை பார்த்தவர். நாவல் 1972இல்தான் அச்சேறியது. தான் வந்து சேர்ந்த கரையைத் தன் நாயகனுக்கு அவர் ஏன் கொடுக்கவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பத்துப் பக்கம் துரத்துங்கள்.

குறியீட்டுக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்கு போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அலை தோணியைத் தூக்கும்போது ஏணியைப் பிடித்துவிட வேண்டும். இறங்கும்போது பிடித்தால் கை நழுவும். தோணிக்காரர் "இப்பப் புடி!" என்று கத்தியும் பெரியப்பா ஒரு அலை தாமதித்துவிட்டார். இடுப்பு வரை தண்ணீர். பாட்டி கட்டிக் கொடுத்த புளிச்சோறு நனைந்துவிட்டது. அன்று ராத்திரி மேல்தளத்தில் உட்கார்ந்து, உப்புக் கரிக்கக் கரிக்க அதையே தின்றாராம். எனக்கு எட்டு வயதில் சொன்னார். இன்னும் புளிச்சோறு என்றால் அந்த உப்புதான் நாக்கில் வருகிறது.

தோணி எதன் குறியீடு என்று கேட்பதற்கு முன், அது எப்படி ஆடியது, யார் தண்ணீர் இறைத்தார்கள், யார் வாந்தி எடுத்தார்கள் என்று பாருங்கள். சிங்காரத்தின் புயல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். பாய்மரமும் கயிறும் மனிதக் குரலும் முதலில் காதில் விழட்டும். தோணி தோணியாக நின்றால்தான் அதன் மேல் வேறு பொருள் ஏறும்.

இன்னொன்று. பெரியப்பா பல வருஷம் கழித்து ஒருமுறை வந்தார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'பினாங்குக்காரர்'. அங்கே அவரைத் 'தஞ்சாவூர்க்காரர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். திண்ணையில் உட்கார்ந்து, தூர்த்துவிட்ட கிணறு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உயிரோடு வந்தும் திரும்புதல் முடியாத கதை இது. கேம்பலின் மூன்றாம் பகுதியை இதோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் கோட்பாடெல்லாம் ஆண்களுக்குத்தானா? எல்லை தாண்டும் நாயகி நம் இலக்கியத்தில் இல்லையா?
*– வாசகி, சீர்காழி*

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். பூம்புகாரின் உவவனச் சோலையில் தூங்கிய மணிமேகலையைத் தெய்வம் கடல் கடந்து மணிபல்லவத் தீவில் கொண்டுபோய் வைக்கிறது. விழித்தால் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. பழம்பிறப்பை அறிகிறாள், மூன்று மந்திரம் பெறுகிறாள், கோமுகிப் பொய்கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கைக்கு வருகிறது. அதோடு ஊர் திரும்புகிறாள். கற்புக்கரசி ஆதிரை இட்ட முதல் பிச்சையிலிருந்து, சாபம் பெற்ற காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசியை ஆற்றுகிறாள். எனக்கு இதில் பிடித்தது, அவள் கொண்டுவந்தது வாள் அல்ல, பாத்திரம். அவள் திரும்பி வந்த அந்தப் புகாரையே பிறகு கடல் கொள்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பர்மா டிரங்குப் பெட்டி எங்களிடம் இருக்கிறது. அதை வைத்து நாவல் எழுதலாமா?
*– வாசகர், நீடாமங்கலம்*

பதில்: எழுதுங்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பி, முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். அம்மாவோ அத்தையோ உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளைத் தொட்டதும் அவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களோ, அதுதான் உங்கள் முதல் அத்தியாயம்.