டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 51. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர், சர்வீஸ் 23 வருடம் 4 மாதம். சர்க்கரையால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. மூன்று மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஊசி மருந்தோடு மாதம் 30,000 ஆகிறது. இப்போதைக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸில் போகிறது, 4 லட்சத்தில் இனி 1,80,000 மீதி. பி.எஃப்.பில் 21 லட்சம், எஃப்.டி. 3 லட்சம். வீட்டுக் கடன் 6.8 லட்சம் பாக்கி, இ.எம்.ஐ. 11,400. வீட்டுச் செலவு 22,000. 2017-ல் எடுத்த டேர்ம் பாலிசி ஒன்று இருக்கிறது. மகள் கல்லூரி இரண்டாம் வருடம், பீஸ் கட்டியாகிவிட்டது. மனைவி ஜவுளிக்கடையில் பில்லிங், சம்பளம் 14,000. என்னைப் பார்த்துக்கொள்ள அவளும் வேலையை விடுகிறேன் என்கிறாள். உடல்நிலையைச் சொல்லி முன்கூட்டியே ஓய்வு வாங்கி, பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு, பென்ஷனில் ஓட்டலாம் என்று பார்க்கிறேன். ஹெச்.ஆர். கேட்டபடி எழுதிய கடிதத்தையும் எங்கள் இருவரின் சம்பளச் சீட்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். முதல் வேலையாக அந்தக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வையுங்கள், ஹெச்.ஆர். நாளைக்கே கேட்டாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். நான்கே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டாவது வரி "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருக்கிறது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லியிருப்பார்கள், தெரியும். மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பாவும் நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு அதே வார்த்தைகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் எந்த ஆபீஸுக்குப் போனாலும், நீங்கள் நோயால் வேலையை விட்டதாக எந்தக் காகிதத்திலும் இல்லையே என்று கையை விரித்துவிட்டார்கள்.

தனியார் கம்பெனியில் "உடல்நிலை ஓய்வு" என்று தனியாக ஒன்று கிடையாது. கம்பெனி வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வுத் திட்டம்) அறிவித்தால் ஒழிய, நீங்கள் கொடுப்பது வெறும் ராஜினாமாதான். ஆனால் உங்களைப் போன்ற நிலையில் இருப்பவருக்கு சட்டத்தில் சில வழிகள் திறந்திருக்கின்றன, அவற்றில் பாதி நீங்கள் கம்பெனி ரோலில் இருக்கும்வரைதான்.

சம்பளச் சீட்டைப் பார்த்தேன். அடிப்படை, பஞ்சப்படி சேர்த்து 38,000. கீழே சின்ன எழுத்தில் இ.எல். (ஈட்டிய விடுப்பு) பாக்கி 84 நாள். இந்த 84-ஐத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை லீவில் சேர்க்காத கம்பெனி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். அதைக் காசாக்கினால் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்குப் போட்டுத் தருவார்கள், லீவாக எடுத்தால் முழுச் சம்பளம். அந்த மூன்று மாத டயாலிசிஸும் கம்பெனி இன்ஷூரன்ஸில் போய்விடும். இன்னொரு லாபமும் இருக்கிறது. கிராஜுவிட்டியில், அதாவது விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். இன்று விலகினால் 23 வருடம்: 38,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 21,923 வீதம் 5,04,231 ரூபாய். லீவில் இருந்துவிட்டு 23 வருடம் 7 மாதத்தில் விலகினால் 24 வருடக் கணக்கு, 5,26,154. படுத்துக்கொண்டே 21,923 ரூபாய் கூடுதல், இதை விடுவானேன்? (ஐந்து வருட சர்வீஸ் முடியாதவர்கள் இதைப் படித்தால்: நோயாலோ விபத்தாலோ அதே வேலையைச் செய்ய முடியாமல் போய் விலகினால் அந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது, ஆனால் அதற்கும் காகிதம் வேண்டும்.) கிராஜுவிட்டி 20 லட்சம் வரை வரி இல்லை, ஐந்து வருடம் தாண்டிய பி.எஃப்.புக்கும் இல்லை, அந்தக் கவலையை விடுங்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பு. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை தரும் இன்ஷூரன்ஸ் ஒன்று அந்தக் கணக்கோடேயே இருக்கிறது, இ.டி.எல்.ஐ. என்பார்கள். நம் கையிலிருந்து அதற்கு ஒரு பைசா பிடிப்பதில்லை என்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ராஜினாமா செய்தால் அதுவும் முடிந்தது.

அடுத்து பென்ஷன். இதில்தான் உங்கள் கணக்கு ரொம்பவே தப்பு, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் இ.பி.எஸ். பென்ஷனில் உங்கள் முழுச் சம்பளத்தை எடுக்கமாட்டார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 உச்சவரம்பு, அதற்குப் பிந்தையதற்கு 15,000. அதை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதில் வாங்கினாலும் நாலாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். இப்போதே வேண்டும் என்றால் 50 வயதுக்கு மேல் முன்கூட்டிய பென்ஷன் உண்டு, ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. உங்களுக்கு ஏழு வருடம் குறைகிறது, கையில் வருவது மூவாயிரத்தை ஒட்டித்தான்.

வெட்டு இல்லாத வழி ஒன்று உண்டு: இயலாமைப் பென்ஷன். பணியில் இருக்கும்போதே முழுமையாக, நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் ஆகிவிட்டால் வயது பார்க்காமல் தருவார்கள். பி.எஃப். ஆபீஸ் உங்களை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும், விண்ணப்பம் சாதாரணப் பென்ஷனுக்கான அதே படிவம் 10டி. "பணியில் இருக்கும்போதே" என்ற வார்த்தையைக் கவனியுங்கள், முதலில் ராஜினாமா, அப்புறம் இயலாமை என்று போனால் நிற்காது. டயாலிசிஸில் இருக்கும் எல்லாரையும் போர்டு முழு இயலாமை என்று எழுதிவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எழுதவில்லை என்றால் விலகிய கையோடு குறைந்த பென்ஷனையே வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் 3,000 என்றால் 58 வயதுக்குள் இரண்டரை லட்சம் கைக்கு வந்துவிடும், காத்திருந்து கிடைக்கும் கூடுதல் ஆயிரத்தால் அதை ஈடுகட்ட 21 வருடம் ஆகும்.

சரி, இப்போது உங்கள் மனைவியின் சம்பளச் சீட்டுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிது. பிடித்தங்களில் ஒரு 105 ரூபாய் இருக்கிறது பாருங்கள். 14,000-க்கு 0.75 சதவீதம், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கான சந்தா. உங்கள் சம்பளம் அதன் உச்சவரம்பான 21,000-ஐத் தாண்டி ரொம்ப நாளானதால் இ.எஸ்.ஐ. என்ற நினைப்பே உங்கள் வீட்டில் போயிருக்கும். ஆனால் உங்கள் மனைவி அதில் காப்பீடு பெற்றவர், கணவர் அவருடைய குடும்பத்தில் ஒருவர். அவர் கார்டில் உங்களுக்கு வைத்தியம் உண்டு, செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. உங்கள் பெயர் குடும்ப விவரத்தில் ஏறியிருக்கிறதா என்று கடைக் கணக்கரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆதாரும் போட்டோவும் கொடுத்துச் சேர்க்கலாம். பிறகு உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் டயாலிசிஸ் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள், அங்கிருந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ அவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரிக்கோ எழுதித் தருவார்கள். இவ்வளவு பெரிய சிகிச்சைக்கு அவர் எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறார் என்று பார்ப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டும், இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியும் வரலாம். அலையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கணக்கு இப்படி. வீட்டுச் செலவு, இ.எம்.ஐ., டயாலிசிஸ் சேர்த்து மாதம் 63,400. மனைவி சம்பளம் போகத் துண்டு விழுவது 49,400, வருடத்துக்கு ஆறு லட்சம். பி.எஃப்., எஃப்.டி., கிராஜுவிட்டி மொத்தமும் 29 லட்சம், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஐந்து வருடத்தில் துடைத்துவிடும். மனைவியும் வேலையை விட்டால் நாலு வருடம்கூட வராது. டயாலிசிஸ் மட்டும் இ.எஸ்.ஐ.க்குப் போய்விட்டால் துண்டு 19,400, அதே பணம் பன்னிரண்டு வருடம் வரும். அதனால் அவர் வேலையை விடவே கூடாது. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் டயாலிசிஸ் நாட்களில் மட்டும் ஷிஃப்ட் மாற்றிக் கேட்கலாம், மகளையோ மச்சானையோ முறை போட்டு வரச் சொல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை நம்பி இருக்காதீர்கள், குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அவர் சம்பளமே 1,68,000.

கம்பெனி இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். ரோலில் இருக்கும்போதே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குடும்ப பாலிசிக்கு மாற எழுத்தில் விண்ணப்பியுங்கள், குரூப்பிலிருந்து மாறும் உரிமை உண்டு. பிரீமியம் கடிக்கும், உங்களைச் சேர்க்கத் தயங்கவும் செய்யலாம். மனைவியையும் மகளையுமாவது கட்டாயம் சேருங்கள்.

வீட்டுக் கடனை அடைக்கும் ஆசை எனக்குப் புரிகிறது, கடன் இல்லாமல் படுத்தால் தூக்கம் வரும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பி.எஃப். வட்டி 2023-24, 2024-25 இரண்டு வருடமும் 8.25 சதவீதம், உங்கள் கடன் வட்டியும் அதை ஒட்டித்தான் இருக்கும், அடைத்து மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரியில் திடீரென்று இரண்டு லட்சம் கட்டச் சொன்னால் வீட்டுச் சுவரைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. வேலையை விட்ட பிறகும் 58 வயது வரை பி.எஃப்.பில் வட்டி ஏறும், அந்த வட்டிக்கு வரி உண்டு என்றாலும் உங்கள் வருமானத்துக்கு வரி கட்டும்படி வராது. எஃப்.டி. 3 லட்சத்தை அவசரத்துக்கு அப்படியே வையுங்கள். கிராஜுவிட்டி வந்ததும் மனைவி பெயரில் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போடலாம், 7.4 சதவீதத்தில் 5 லட்சத்துக்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வரும். சீனியர் சிட்டிசன் திட்டம் உங்கள் வயதுக்குக் கிடையாது, யாராவது ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். கடன் வாங்கியபோது பேங்கில் ஏதாவது இன்ஷூரன்ஸ் தலையில் கட்டினார்களா என்றும் தேடுங்கள். சிலவற்றில் தீவிர நோய்க்கும் கவர் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மாற்றுச் சிறுநீரகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தாரா? வீட்டில் யாராவது தரும் நிலையில் இருந்தாலோ, அரசு உறுப்பு மாற்றுப் பட்டியலில் பதியச் சொல்லியிருந்தாலோ, கதையே வேறு. அறுவைச் சிகிச்சை நன்றாக அமைந்து சில மாதத்தில் வேலைக்குத் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வாய்ப்பு தெரிந்தால் இ.எல். முடிந்ததும் சம்பளமில்லா லீவு கேளுங்கள், பகல் ஷிஃப்டில் உட்கார்ந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலை கேளுங்கள், 23 வருடம் உழைத்தவர் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நிரந்தர இயலாமை என்று போர்டில் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் வேலைக்குப் போகிறேன் என்றால் சிக்கல், அதனால் டாக்டரிடம் இதைப் பேசிவிட்டுத்தான் பென்ஷன் விண்ணப்பம்.

கடைசியில் விலகத்தான் வேண்டும் என்றால் கடிதத்தில் நோயின் பெயர், டயாலிசிஸ் தொடங்கிய தேதி, இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய இயலாது என்ற மருத்துவச் சான்று இணைப்பு, மூன்றும் இருக்கட்டும். கம்பெனி முத்திரை போட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

டேர்ம் பாலிசி பிரீமியத்தை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள், இனி உங்களுக்குப் புதிதாக ஒன்று கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதில் தீவிர நோய் ரைடர் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் கவர்) இருந்தால், தொடர் டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு வழக்கமாக அந்தப் பட்டியலில் வரும் நோய்தான், மொத்தத் தொகையாகக் கிடைக்கும். 2017-ல் படிவம் நிரப்பும்போது சர்க்கரை இருந்ததா, இருந்தால் அதைச் சொன்னீர்களா என்பதுதான் என் கவலை. பத்திரத்தின் ரைடர் பக்கத்தையும், அன்று கையெழுத்துப் போட்ட விண்ணப்ப நகலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கிளெய்ம் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.