வாட்டர் ஸ்கூட்டரின் அடியில் விரிசலா? ரெசினைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துகிறேன். எங்களிடம் மூன்று பேர் உட்காரும் பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. கரையேற்றும்போது தூண்டில் வளைவுக் கல்லில் மோதி, முன்பக்கம் இடது அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை பார்க்கும் மேஸ்திரியோ, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு லேயர் போட்டால் அரை நாளில் முடிந்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் வழக்கமாகக் கொண்டுவரும் ரெசினும் (இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) மேட்டும் இந்த வேலைக்கு வேண்டாம். அரை நாள் கணக்கும் சரிவராது.

எம்-சீல் ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். அதில் இழை கிடையாது, அதனால் விசையைத் தாங்காது. வண்டி வேகமெடுத்து அலையில் அடிபடும்போது விரிசல் அந்த அடைப்புக்கு இருபுறமும் நீண்டுகொண்டே போகும். நடுக்கடலில் ஓட்டை விழுந்து கரை வந்து சேர வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். விருந்தினரை ஏற்றி அனுப்பும் வண்டிக்கு அது கூடாது.

முதலில் வண்டியின் அடிப்பகுதி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வாட்டர் ஸ்கூட்டரும் ஃபைபர் கிளாஸ் இல்லை. 2014-ல் வந்த சீ-டூ ஸ்பார்க், பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை கலந்து செய்தது. பாலிடெக் என்று பெயர். 2020-லிருந்து அதே நிறுவனத்தின் ஜிடிஐ வரிசைக்கும் அது வந்துவிட்டது. இதில் எந்த ரெசினும் நம்பும்படி ஒட்டாது. பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓட்டையின் விளிம்பைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் சுருள் சுருளாக வரும். ஃபைபர் என்றால் தூளாக உதிரும், விளிம்பில் நார் நாராகக் கண்ணாடி இழை தெரியும்.

உங்களுடையது பழைய மூன்று இருக்கை வண்டி என்பதால் பெரும்பாலும் எஸ்எம்சி ஆகத்தான் இருக்கும். பாலியெஸ்டர் ரெசினையும் நறுக்கிய கண்ணாடி இழையையும் பிசைந்து தாளாக்கி, சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுப்பது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காக, மெழுகு போன்ற ஸ்டியரேட் உப்பை அந்தக் கலவைக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது உள்ளே இருக்கும். அதனால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் இதன்மேல் சரியாகப் பிடிக்காது. மேஸ்திரி வேலை செய்யும் மீன்பிடிப் படகு கையால் லேயர் லேயராகப் போட்டுக் கட்டியது, அதில் பாலியெஸ்டர் நன்றாகவே நிற்கும். அவருடைய அனுபவம் பொய்யில்லை, பொருள்தான் வேறு. உங்கள் வண்டிக்கு எபாக்ஸி ரெசின் வாங்குங்கள்.

எபாக்ஸி என்று முடிவானதும் மேட்டும் மாற வேண்டும். கடையில் கிடைக்கும் நறுக்கு இழை மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை இருக்கும். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்தப் பசையைக் கரைத்துவிடும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காற்று தங்கும். ஆகவே நெய்த துணியோ, குறுக்கு இழையைத் தைத்துச் சேர்த்த பயாக்சியல் துணியோ கேளுங்கள்.

இனி வேலை. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்து, இருக்கையையும் மூடிகளையும் திறந்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். இன்ஜின் அறை மூடிய பெட்டி. உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவிக்குக் கிரைண்டரின் ஒரு பொறி போதும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். முன்பக்கம் மிதவைக்காக வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால், அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. ஈரத்தின் மேல் எந்த ஒட்டும் நிற்காது.

கண்ணுக்குத் தெரியும் விரிசல் மட்டும் சேதம் இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'தொப்' என்று ஓசை அமுங்கும். உள்ளே ஃபோம் இருந்தாலும் ஓசை அமுங்கும் என்பதால், வலது பக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓசை மாறும் எல்லையை மார்க்கரால் கோடு போட்டு, அதற்குள் இருப்பதை எல்லாம் வெட்டி எடுங்கள். சேதத்துக்கு வெளியேயும் மயிரிழையாக விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் 3 மில்லி மீட்டர் துளை போட்டால் அதற்குமேல் ஓடாது.

அடுத்த கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள், ஒட்டு பெயர்ந்து வருவதும் பெரும்பாலும் இதனால்தான். பழைய ஹல்லும் (வண்டியின் அடிக்கூடு) புதிய ரெசினும் ஒருநாளும் ஒன்றாகக் கலந்துவிடாது. ஒன்றின் மேல் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பிடிப்புக்குப் பரப்பு வேண்டும். ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக, ஹல்லின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமன் 4 மில்லி மீட்டர் என்றால் சுற்றிலும் 48 மில்லி மீட்டர், ஏறக்குறைய 5 சென்டி மீட்டர். இரண்டு விரல் ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று மனசு கேட்காதுதான். ஆனால் சரிவு இல்லாமல் மேலே பத்து லேயர் ஏற்றினாலும் அது விளிம்பில் பிளந்துகொள்ளும். தேய்ப்பதற்கு முன்பே அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே இருக்கும் மெழுகையும் கிரீஸையும் உப்புத்தாளே உள்ளே தேய்த்து ஏற்றிவிடும். பெயின்ட், ஜெல் கோட் (ஃபைபரின் மேல் இருக்கும் பளபளப்பான ரெசின் பூச்சு) எல்லாம் போய், 80 நம்பர் தாளில் தேய்த்த சொரசொரப்பு வர வேண்டும். பளபளப்பு ஒரு புள்ளி மிஞ்சினாலும் அங்கே ஒட்டாது. கண்ணாடித் தூளுக்கு முகமூடி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, முழுக்கை சட்டை அவசியம். ரெசின் வேலைக்கு ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் நைட்ரைல் கையுறையும் வேண்டும்.

உள்பக்கம் கை போனால் முதலில் உள்ளிருந்து இரண்டு லேயர் போட்டு அடைத்துவிடுங்கள், வெளி வேலைக்கு அது முதுகாக நிற்கும். கை போகாத இடம் என்றால், பிளாஸ்டிக் தாள் மேல் ஒரு லேயர் துணியும் எபாக்ஸியும் போட்டுத் தனியாக ஒரு மெல்லிய தகடு செய்யுங்கள். அதன் நடுவில் கம்பி கோத்து, வளைத்து ஓட்டைக்குள் நுழைத்து, விளிம்பில் கெட்டி எபாக்ஸி தடவி வெளிப்பக்கம் இழுத்துக் கட்டிவிடலாம். இறுகியதும் கம்பியை நறுக்கிவிடுங்கள்.

எபாக்ஸி கலக்கும்போது மேஸ்திரி பக்கத்திலேயே நில்லுங்கள். பாலியெஸ்டரில் ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கும் திரவம்) வெயிலுக்கு ஏற்றபடி ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கூட்டிக் குறைத்துப் பழகிய கை அது. எபாக்ஸியில் அந்தப் பேச்சே இல்லை. டப்பாவில் 100-க்கு 30 என்று எடைக் கணக்குப் போட்டிருந்தால் 30தான். டிஜிட்டல் தராசில் நிறுத்து, அடியும் ஓரமும் வழித்து இரண்டு நிமிடம் கலக்குங்கள். நம் ஊர் உச்சி வெயிலில் கிண்ணத்தில் நிறைய கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனராக வாங்கி, நிழலில், காலை நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி.

சரிவின் மேல் முதலில் வெறும் எபாக்ஸியைப் பிரஷால் தடவுங்கள். துணியில் பெரிய துண்டை முதலில் போட்டு, அதன்மேல் சிறியது, அதைவிடச் சிறியது என்று போவதையே நான் சொல்வேன். பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். பெரியது முதலில் போனால் பழைய ஹல்லைப் பிடித்திருக்கும் லேயர் முழுசாக அடியில் இருக்கும். பிறகு சமன் செய்யத் தேய்க்கும்போது வெட்டுப்படுவது மேலே உள்ள சின்னத் துண்டுகள்தான். சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள துணி ஒரு லேயர் ஏறத்தாழ முக்கால் மில்லி மீட்டர் வரும், ஆக 4 மில்லி மீட்டருக்கு ஐந்து ஆறு லேயர். ஒவ்வொன்றும் நனைந்து கண்ணாடி போல் தெளியும்வரை ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். எல்லா லேயரையும் ஒரே மூச்சில், அடி லேயர் இறுகுவதற்குள் போட்டுவிட்டால் நல்லது. மறுநாள் தொடர வேண்டி வந்தால், மேலே வழுவழுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். அதைத் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும்.

பட்டி பார்ப்பதும் எபாக்ஸி பட்டியிலேயே இருக்கட்டும். நீளமான பலகையில் உப்புத்தாள் சுற்றி, வலது பக்க வளைவோடு ஒப்பிட்டுத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். அடியில் மேடோ பள்ளமோ இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், தவளை மாதிரி குதிக்கும். பெயின்ட்டுக்கு இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் போதும். எபாக்ஸி மேல் ஜெல் கோட் சில சமயம் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன்.

சேதம் முன்பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். இதுவே பின்னால், தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கும் பம்ப் பொருத்தும் இடத்துக்கும் அருகே என்றால் மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள். அங்கே ஷாஃப்ட்டின் (பம்பைச் சுழற்றும் தண்டு) நேர்க்கோடு மாறிவிட்டால் செலவு பல மடங்கு ஆகும். கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வேலை முடிந்து ஒரு வாரம் இறுக விட்ட பிறகு, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாழ்த்தி, இன்ஜினைத் தொடாத அளவுக்கு உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வெளியே பாருங்கள். கசிவு இல்லை என்றால் ஓட்டலாம். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு டிரெயின் பிளக்கைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கவனியுங்கள். ஒட்டு காய்ந்தபடி இருந்தும் தண்ணீர் வந்தால் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள்.