கிரியோன் ஏன் முதலில் உடலிடம் போனான்?

மதிப்பிற்குரிய ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு. சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு கிரேக்க இளவரசியின் துயரத்துக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை. என் ஆங்கிலமும் சுமார்தான். உடன் படிப்பவர்கள் ஜெராக்ஸ் கடையில் பணம் கொடுத்து ஆய்வேட்டை வாங்கிவிடுகிறார்கள். எந்தத் துணைநூல்களைப் படிக்க வேண்டும், மேற்கோள்களை எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்வீர்களா?

செ.

அன்புள்ள செ.,

அரசன் கிரியோனின் தடையை மீறித் தன் சகோதரனின் உடலுக்கு இறுதிக்கடன் செய்ததற்காக, ஆன்டிகனி குகையில் உயிரோடு அடைக்கப்படும் அந்த நாடகத்தைத்தான் நானும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

மேற்கோள் குறிக்கும் முறை ஒரு மாலையில் பழகிவிடும். ஆங்கிலம் சுமார் என்றால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். ஆனால் அந்த ஜெராக்ஸ் கடையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வாங்குகிறார்கள் என்று சொல்லும்போதே உங்கள் ஒரு கால் அந்தக் கடை வாசலில் இருக்கிறது. உங்களைக் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்க்க வீட்டில் யார் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ எழுதியதன்மேல் உங்கள் பெயரை ஒட்டிக்கொள்வதற்காகவா அதெல்லாம்?

விற்பனைக்கு வரும் அந்த ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். அரிஸ்டாட்டிலின் துன்பியல் இலக்கணத்தில் தொடங்கி, ஆன்டிகனியின் குறை பிடிவாதம் என்று முடியும். அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் இந்த நாடகத்திலிருந்து எடுத்துக்காட்டுவதோ, ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்ட ஹேமன் தன் தந்தை கிரியோன்மேல் பாயும் இடத்தை. அதையும் துன்பியலுக்குப் பொருந்தாத அமைப்பு என்றே சொல்கிறார். நாடகத்தையும் திறக்காமல், அரிஸ்டாட்டிலையும் திறக்காமல் எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

கிரேக்க இளவரசிக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்கள். மதுரையை எரித்த கண்ணகி வந்து சினம் தணிந்த இடம் என்று ஊர் நம்பும் வட்டப்பாறை அம்மன் சன்னதி பக்கத்தில் திருவொற்றியூரில் இருக்கிறது. அரசனை எதிர்த்து நின்ற பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிடும் வட்டாரத்திலிருந்து இந்தக் கேள்வி வரலாமா?

நான் காசிமேட்டில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஓர் அம்மாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. உடல் இல்லாமல் எதை எடுப்பது என்று பெரியவர்கள் கேட்டார்கள். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும், அதுவரை சான்றிதழ் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள் அலுவலகத்தில். அந்த அம்மா அவனுடைய நீலச் சட்டையையும் கைலியையும் மடித்துப் பாடையில் வைத்தார். பெண்கள் தெருமுனையைத் தாண்டக் கூடாது என்று மறித்தார்கள். மறித்த கையை விலக்கிவிட்டுச் சுடுகாடுவரை நடந்தார்.

இதைப் போன்ற ஒன்று உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். அதை ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். நாடகத்தில் எங்கே நின்று படிக்க வேண்டும் என்று அது உங்களுக்குக் காட்டும், அவ்வளவே. சான்று நாடகத்துக்குள்ளிருந்து வர வேண்டும். உடலைக் காத்து நின்ற காவலன் வந்து சொல்வதைப் பாருங்கள்: தரை இறுகிக் காய்ந்து கிடந்தது, மண்வெட்டி பட்ட தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை, உடல்மேல் மெல்லிய புழுதி மட்டும் இருந்தது. காவலர்கள் அந்தப் புழுதியைத் துடைத்தெடுத்துவிட்டு, நாற்றம் எட்டாத மேட்டில் போய் உட்காருகிறார்கள்.

என்னை விடாமல் பிடித்திருக்கும் இடம் பின்னால் வருகிறது. குறிசொல்லும் டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கிரியோன் அஞ்சிப்போய், என்ன செய்யட்டும் என்று முதியோர் குழுவைக் கேட்கிறான். போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள். கட்டிப்போட்டவன் நான், நானே விடுவிப்பேன் என்று கிளம்புகிறான். ஆனால் தூதன் வந்து சொல்லும்போது வரிசை மாறிக் கிடக்கிறது. நாய்கள் குதறிய உடலைக் கழுவி, பச்சைக் கிளைகளை ஒடித்துப் போட்டு எரித்து, மேடு எழுப்பிய பிறகே குகைக்குப் போயிருக்கிறார்கள். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள்.

ஏன் முதலில் உடலிடம் போனான்? தெய்வங்களுக்கு அஞ்சியா? உயிரோடிருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணியாமலா? பிழையைத் திருத்தப் போகும்போதும் அவள் உயிர் அவனுக்கு இரண்டாவதாகத்தான் பட்டதா? அவன் பேசும் ஒவ்வொரு வரியையும் எடுத்து இந்த விடைகளோடு உரசிப் பாருங்கள். எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று எழுதினால் அது ஆய்வு.

துணைநூல்கள் இப்போது வேண்டாம். நாடகத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துத் தூதனின் பேச்சை ஒப்பிடுங்கள். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்த பிறகு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். என் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுடையதை எழுதி அனுப்புங்கள், அதற்கேற்ற நூல்களைச் சொல்கிறேன்.